ஒஹாயோ ஆற்றங்கரைக் குடிநீரும் ரத்தக் கொழுப்பும்: சி8 ஆய்வை எப்படிப் புரிந்துகொள்வது?

சோதனைக்குழாய் (இழையைத் தொடங்கியவர்)

கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் வீட்டில் முதலில் பழி சுமப்பது நெய்யும் முட்டையும்தான். அடுத்து பரம்பரை, அதற்கடுத்து உட்கார்ந்தே பார்க்கும் வேலை. மூன்றுமே நியாயமான காரணங்கள். ஆனால் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு காலம் ரத்தக் குழாய்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. இந்த மனிதர் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார், எந்த ஆலையில் வேலை செய்கிறார் என்று ஒரு சீட்டில்கூட எழுதி வந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கேள்வியை ஊர் ஊராகக் கேட்ட இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், பார்க்கர்ஸ்பர்க் நகருக்கு அருகே, ஒஹாயோ ஆற்றங்கரையில் டூபாண்ட் நிறுவனத்தின் வாஷிங்டன் வொர்க்ஸ் ஆலை. பாத்திரங்களில் ஒட்டாமல் இருக்கப் பூசும் டெஃப்லானைத் தயாரிப்பதற்காக 1951 முதல் அங்கே பிஎஃப்ஓஏ என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தினார்கள். எட்டு கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி என்பதால் ஆலைக்குள் அதன் பெயர் சி8. கார்பனும் ஃப்ளூரினும் பிணைந்த பிணைப்பை இயற்கையில் எதுவும் எளிதில் உடைக்காது. புகைபோக்கி வழியாகக் காற்றிலும், கழிவாக ஆற்றிலும் மண்ணிலும் சேர்ந்து, கடைசியில் நிலத்தடி நீருக்கு வந்தது. சுற்றுவட்டாரக் குழாய் நீரில் அது இருப்பதை 1984-லேயே நிறுவனம் தன் சொந்தச் சோதனையில் கண்டது. குடித்துக்கொண்டிருந்த மக்களிடம் சொல்லவில்லை.

வில்பர் டெனன்ட் என்ற விவசாயியின் மாடுகள் அடுத்தடுத்துச் செத்ததில் தொடங்கி, வழக்கறிஞர் ராப் பிலாட் தொடுத்த வழக்குகளால் விஷயம் வெளியே வந்தது. 2001-இல் ஊர்மக்கள் சார்பில் கூட்டு வழக்கு. அதன் சமரசத்தில் ஓர் அருமையான காரியம் நடந்தது. கிடைத்த பணத்தில் பெரும்பகுதியான 7 கோடி டாலரை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போடாமல், எல்லோருடைய ரத்தத்தையும் சோதிக்கச் செலவிட்டார்கள். 2005 ஆகஸ்டு முதல் 2006 ஆகஸ்டு வரை, ஆறு குடிநீர் வட்டாரங்களைச் சேர்ந்த சுமார் 69,000 பேர் வந்து கேள்வித்தாளை நிரப்பி ரத்தம் கொடுத்தார்கள். வந்தவர்களுக்கு 400 டாலர் வரை கொடுத்தார்கள்.

அமெரிக்கப் பொதுமக்கள் ரத்தத்தில் அப்போது மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் அளவில் இருந்த பிஎஃப்ஓஏ, இங்கே வரிசையின் நடுவில் நின்றவரிடம் 28 இருந்தது. ஆலைக்கு எதிர்க்கரையில் இருக்கும் லிட்டில் ஹாக்கிங் வட்டாரத்தில் சராசரியே 200-ஐத் தாண்டியது.

கொழுப்புக்கு வருகிறேன். கொழுப்பு மாத்திரை எடுக்காத 46,294 பெரியவர்களின் முடிவுகள் 2009-இல் வெளிவந்தன. பிஎஃப்ஓஏ குறைவாக இருந்த பத்தில் ஒரு பங்கினரையும், மிக அதிகமாக இருந்த பத்தில் ஒரு பங்கினரையும் ஒப்பிட்டால், மொத்தக் கொலஸ்ட்ராலில் டெசிலிட்டருக்கு 11 முதல் 12 மில்லிகிராம் வித்தியாசம். எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பும் அதே திசையில் ஏறியது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் அசையவில்லை. நீதிமன்ற ஏற்பாட்டின்படி அமைந்த மூவர் அறிவியல் குழு, 2011, 2012 ஆண்டுகளில் சி8-உடன் 'தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம்' என்று அறிவித்த ஆறு நோய்களில் உயர் கொலஸ்ட்ராலும் ஒன்று. சிறுநீரகப் புற்று, விதைப்பைப் புற்று, தைராய்டு நோய், பெருங்குடல் புண் அழற்சி, கர்ப்பகால ரத்த அழுத்தம் ஆகியவை மற்ற ஐந்து.

இதை நம் மருத்துவர்களும் நோயாளிகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இந்த இழை. கேள்வி, மறுப்பு எல்லாம் வரட்டும்.

எண்கணக்கன்

நல்ல இழை, ஐயா. மறுப்பை நான் தொடங்கி வைக்கிறேன்.

முதலில், 11 மில்லிகிராம் என்பது எவ்வளவு? ஒரே ஆளிடம் இந்த வாரமும் அடுத்த வாரமும் ரத்தம் எடுத்தால் அந்த அளவு வித்தியாசம் சாதாரணமாக வரும். ஸ்டாடின் மாத்திரை எல்டிஎல்லை 30 முதல் 50 சதவீதம் வரை இறக்குகிறது. அதோடு ஒப்பிட்டால் இது சிறு அசைவு.

இரண்டாவது, எலிகள் நேர் எதிராகச் சொல்கின்றன. பிஎஃப்ஓஏ கொடுத்த எலிகளின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் இறங்குகிறது. விலங்கில் இறங்குவது மனிதனில் ஏறுகிறது என்றால், முதலில் மனிதத் தரவைத்தான் சந்தேகிக்க வேண்டும். பணக்காரர், ஏழை, குண்டானவர், ஒல்லியானவர், என்ன சாப்பிடுகிறார் என்று நூறு விஷயங்கள் நடுவில் ஒளிந்திருக்கலாம்.

கோமதி_மதுரை

எனக்கு இந்த ஆய்வெல்லாம் புதிது. வீட்டில் நான்ஸ்டிக் தோசைக்கல் இருக்கிறது. அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை ஓடுகிறது. தோசைக்கல்தான் காரணமா? தூக்கிப் போட்டுவிட்டு மாத்திரையை நிறுத்தலாமா?

மருத்துவர்_தென்றல்

கோமதி அம்மா, மாத்திரையை நிறுத்த வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. காரணம் எதுவானாலும் ஏறிய எல்டிஎல் ரத்தக்குழாயில் படிவது ஒரே மாதிரிதான். அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தவர் மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிட்டே கொடுத்திருப்பார்.

தோசைக்கல்லைப் பொறுத்தவரை, அதன் மேல் பூசிய டெஃப்லான் என்பது பெரிய பாலிமர். உடல் அதை உறிஞ்சிக்கொள்வதில்லை. சி8 அதைத் தயாரிக்கும் வழியில் உதவிக்கு வந்த பொருள். அமெரிக்காவில் எட்டுப் பெரிய நிறுவனங்கள் 2006-இல் ஒப்புக்கொண்டு 2015-க்குள் அதைக் கைவிட்டன. அடுப்பில் வெறும் கல்லைக் காயவிட்டு மறந்துவிடாதீர்கள், பூச்சு உரிந்தால் மாற்றிவிடுங்கள், அது போதும். இங்கே பேசப்படும் ஒஹாயோ மக்களுக்கு அந்த அளவு ஏறியது சமையல் பாத்திரத்தால் அல்ல, ஆலையை ஒட்டிய குடிநீரால்.

சோதனைக்குழாய்

எண்கணக்கன், எலி விஷயத்தை எடுத்தீர்களே, அதுதான் இந்தக் கதையின் மிகச் சுவையான பகுதி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிஎஃப்ஓஏவின் வடிவம் கொழுப்பு அமிலத்தைப் போன்றது. நீண்ட வால், முனையில் அமிலத் தலை. கல்லீரல் செல்லுக்குள் பிபிஏஆர் ஆல்ஃபா என்ற ஏற்பி இருக்கிறது. கொழுப்பு அமிலம் வந்து தொட்டால் அது விழித்துக்கொண்டு, கொழுப்பை எரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு அதிகமானவர்களுக்குக் கொடுக்கும் ஃபைப்ரேட் மாத்திரைகள் வேலை செய்வதும் இதே வழியில்தான். எலியின் கல்லீரலில் இந்த ஏற்பி மிக அதிகம், மனிதக் கல்லீரலில் அதைவிடக் குறைவு. எலிக்குக் கொடுத்த பிஎஃப்ஓஏ ஃபைப்ரேட் மாத்திரை போல நடந்துகொண்டதில் வியப்பில்லை.

இன்னொன்று, அந்த எலிகள் தின்றது கொழுப்புக் குறைந்த ஆய்வுக்கூடத் தீவனம். மனிதர்கள் சாப்பிடுவதைப் போலக் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் சேர்த்த தீவனம் கொடுத்துப் பார்த்தபோது சில எலி இனங்களில் கொலஸ்ட்ரால் ஏறியது. ஆகவே "விலங்கில் இறங்குகிறது" என்று ஒரே வரியில் முடிக்க முடியாது.

அளவும் முக்கியம். பிரிட்டனில் புற்றுநோயாளிகள் 49 பேருக்கு பிஎஃப்ஓஏவின் அமோனியம் உப்பை மருந்தாகவே கொடுத்து ஒரு முதற்கட்டச் சோதனை நடந்தது. அவர்களுக்குக் கொலஸ்ட்ரால் இறங்கியது! ஆனால் இறக்கம் தெரிந்தபோது அவர்கள் ரத்தத்தில் இருந்த அளவு, ஒஹாயோ நடு அளவைவிட இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். அந்த உயரத்தில் மனித ஏற்பியும் விழித்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன். ஊர்மக்களிடம் பார்த்தால், குறைந்த அளவிலேயே கொழுப்புக்கோடு செங்குத்தாக ஏறுகிறது. போகப் போகத் தட்டையாகிறது. இரண்டும் வெவ்வேறு இயந்திரங்கள்.

குறைந்த அளவில் எது வேலை செய்கிறது என்பதற்கு ஒரு கருத்து இருக்கிறது. கல்லீரல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றும். அந்த மாற்றத்தின் முதல் படியைச் செய்யும் நொதி, மனிதக் கல்லீரல் செல்களை வளர்த்துச் செய்த சோதனையில் பிஎஃப்ஓஏ பட்டதும் குறைந்தது. வாசல் குறுகினால் உள்ளே கூட்டம் சேரும் அல்லவா. இது இன்னும் முடிந்த கணக்கல்ல. ஆனாலும் ஏறுவதற்கு ஒரு வழி இருக்கிறது.

எண்கணக்கன்

விளக்கத்துக்கு நன்றி, ஐயா. பித்த அமிலத்தை நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள், அதை வைத்தே என் அடுத்த மறுப்பு. பிஎஃப்ஓஏவும் பித்தத்தோடு குடலுக்கு வந்து, அங்கிருந்து மறுபடி உறிஞ்சப்படுகிறது. பித்த அமிலத்தை அதிகம் திரும்ப உறிஞ்சும் குடல் அமைந்த ஒருவருக்குக் கொலஸ்ட்ராலும் ஏறும், பிஎஃப்ஓஏவும் அதிகம் தங்கும். இரண்டும் சேர்ந்து ஏறுவதால் ஒன்று மற்றொன்றை ஏற்றியது என்று ஆகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் கொலஸ்ட்ராலை அடிப்படையாக வைத்து வரம்பு வகுத்தது. 2020-இல் அதை மாற்றி, நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. இந்தச் சந்தேகமும் அதற்கு ஒரு காரணம்.

ஒஹாயோ_வாசகி

நான் கொலம்பஸ் நகரில் இருக்கிறேன். வேலை விஷயமாக அந்தப் பக்கம் போவதுண்டு, அதனால் ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

அங்கே ஒருவர் எவ்வளவு சி8 குடித்தார் என்பதை முடிவு செய்தது அவர் குடலோ அவர் தட்டில் இருந்த உணவோ அல்ல. எந்த வட்டாரத்துக் குழாய் அவர் வீட்டுக்கு வந்தது என்பதுதான். ஒரே வகைக் கடையில் சாமான் வாங்கி, ஒரே பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள், குழாய் மாறியதால் பல மடங்கு வித்தியாசமான அளவைச் சுமந்தார்கள். இரு மாநிலங்களையும் பிரிப்பது அந்த ஆறுதான். எதிர்க்கரையில் நின்று பார்த்தால் ஆலை கண்ணெதிரே தெரிகிறது. 2006, 2007 வாக்கில் நீர்நிலையங்களில் கார்பன் வடிகட்டிகள் வைத்தார்கள். கருமையான குருணை நிரம்பிய பெரிய உருளைத் தொட்டிகள். தண்ணீர் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போய் வெளியே வரும். குருணை நிறைந்துவிட்டால் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் பிடித்ததைத் தாங்காமல் விட்டுவிடும்.

சோதனைக்குழாய்

அம்மா, நான் தட்டச்சு செய்துகொண்டிருந்ததை நீங்கள் முந்திவிட்டீர்கள். எண்கணக்கன் சொல்லும் குடல் வாதத்தைச் சோதிக்க அதுவே வழி. ரத்தத்தில் அளந்த அளவைத் தள்ளிவைத்துவிட்டு, ஒருவர் எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தார், ஆலை அந்த ஆண்டு எவ்வளவு வெளியேற்றியது என்பதை வைத்து அவரது அளவைக் கணக்கிடலாம். அந்தக் கணக்கில் அவர் குடலுக்குப் பங்கே இல்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து இப்படிச் செய்து 2014-இல் வெளியிட்டார்கள். உயர் கொலஸ்ட்ராலுடன் தொடர்பு அப்படியும் தெரிந்தது.

சுவீடனில் ரோனபி என்ற ஊரிலும் இதே போன்ற இயற்கைச் சோதனை நடந்தது. இரண்டு நீர்நிலையங்களில் ஒன்று மட்டும், விமானப்படைத் தளத்தில் பயன்படுத்திய, இதே குடும்பப் பொருள்கள் கலந்த தீயணைப்பு நுரையால் மாசுபட்டிருந்தது. 2013 இறுதியில் கண்டுபிடித்து மூடினார்கள். அங்கேயும் அருகிலுள்ள மாசுபடாத ஊர்க்காரர்களைவிட இவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லும் அதிகம். இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் திரிஸ்ஸினோ ஆலையால் மாசுபட்ட நீரைக் குடித்த, 20 முதல் 39 வயது வரையுள்ள பல ஆயிரம் பேரிடமும் அதே திசைதான். மூன்று நாடு, மூன்று உணவு முறை. மூன்றிலும் ஒரே அசைவு.

பழைய_ஷிப்ட்காரன்

நான் வேதியியல் படித்தவன் அல்ல, ஆலைத் தொழிலாளி. விஸ்கோஸ் நூல் ஆலைகளில் கார்பன் டைசல்ஃபைடு வாயு இதயத்தைப் பாதிக்கும் என்று எங்கள் தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசியது நினைவிருக்கிறது. அது இதோடு சேருமா?

மருத்துவர்_தென்றல்

சேரும், அண்ணா. தொழில்சார் நோய்ப் பாடத்தில் இது பழைய அத்தியாயம். பிரிட்டனில் விஸ்கோஸ் ரேயான் தொழிலாளர்களிடையே மாரடைப்பு மரணம் கூடுதல் என்று 1968-லேயே வெளிவந்தது. அந்த வாயுவுக்கு ஆளானவர்களிடம் எல்டிஎல் ஏற்றத்தைப் பின்னாளில் பல ஆய்வுகள் கண்டன. அங்கே கொழுப்போடு ரத்த அழுத்தமும் ரத்தக்குழாய் சேதமும் கைகோத்து வருகின்றன. நீங்கள் அப்படிப்பட்ட ஆலையில் இருந்திருந்தால், எத்தனை வருடம், எந்தப் பிரிவு என்று ஒரு தாளில் எழுதி உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள். அவர் கேட்கவில்லை என்றாலும் கொடுங்கள்.

எண்கணக்கன்

2014 ஆய்வை எடுத்துப் படித்தேன். குடல் வாதம் அதில் பலவீனமாகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவு இருக்கிறது, அதையும் இங்கே வைக்க வேண்டும்: இதயத் தமனி நோயுடன் தொடர்பு தெரியவில்லை. ரத்த அழுத்தத்துடனும் இல்லை.

தண்ணீரைச் சுத்தம் செய்தபின் என்ன ஆனது என்றும் பார்த்தேன். 2005-06-இல் ரத்தம் கொடுத்தவர்களில் 560 பேரிடம் 2010-இல் மறுபடி எடுத்திருக்கிறார்கள். அவர்கள் பிஎஃப்ஓஏ பாதிக்கும் கீழே வந்துவிட்டது. சராசரி எல்டிஎல் இறங்கவில்லை. சற்று ஏறியே இருக்கிறது.

சோதனைக்குழாய்

சராசரியோடு நின்றுவிடாதீர்கள், அதே ஆய்வில் அடுத்த வரியையும் படியுங்கள். இடையில் எல்லோருக்கும் நான்கைந்து வயது கூடியிருக்கிறது. நடுவயதில் அதுவே எல்டிஎல்லை ஏற்றும். ஆகவே யாருக்கு அதிகம் இறங்கியது என்று பார்க்க வேண்டும். பிஎஃப்ஓஏ யாருக்கு அதிகம் குறைந்ததோ அவர்களுக்கே எல்டிஎல்லும் அதிகம் குறைந்தது. பிஎஃப்ஓஏ பாதியாகும் ஒருவருக்கு எல்டிஎல் 3.6 சதவீதம் குறையும் என்பது கணக்கு. எல்டிஎல் 130 இருப்பவருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம். தனி ஆளுக்குச் சிறிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சிறிது என்று சொல்லும் உரிமை அந்தத் தண்ணீரைக் கேட்டு வாங்காத மனிதருக்கு உண்டே தவிர, அதில் கலந்துவிட்டவருக்குக் கிடையாது.

ஊர் முழுக்க 5 மில்லிகிராம் ஏறினால், எல்லைக்கோட்டுக்கு அருகில் நின்றவர்கள் எல்லோரும் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். 2009 ஆய்வில் மொத்தக் கொலஸ்ட்ரால் 240-ஐத் தாண்டும் வாய்ப்பு, பிஎஃப்ஓஏ அதிகமிருந்த கால் பங்கினருக்கு மற்ற முனையைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல்.

இதய நோய் முடிவை மறைக்க நான் விரும்பவில்லை. அது உண்மை, நல்ல செய்தியும்கூட. ஆனால் அந்த மக்களில் பலர் தங்கள் கொலஸ்ட்ராலை அறிந்து மாத்திரை எடுக்கத் தொடங்கியவர்கள். அந்த மாத்திரையும் செலவும் வாழ்நாள் முழுக்க யார் தலையில் விழுகிறது?

தாமரைக்குளம்

ஓர் ஆய்வுக்கூடச் சந்தேகம். 69,000 பேரும் வெறும் வயிற்றிலா வந்து ரத்தம் கொடுத்தார்கள்? காலைப் பலகாரம் சாப்பிட்டு வந்தால் கொழுப்புச் சோதனையே தவறாகிவிடும் என்று நம் ஊரில் திருப்பி அனுப்பிவிடுகிறார்களே.

சோதனைக்குழாய்

அருமையான கேள்வி, என் தொழில் சார்ந்தது. எல்லோரும் வெறும் வயிற்றில் வரவில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு கணக்கில் சேர்த்தார்கள்.

சாப்பாடு பெரிதும் அசைப்பது ட்ரைகிளிசரைடை. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்த குழாயைத் தூக்கிப் பிடித்தால் அது கண்ணுக்கே தெரியும். கீழே சிவப்பணுக்கள் கெட்டியாகப் படிந்திருக்கும், நடுவில் ஜெல், மேலே சீரம். விருந்து சாப்பிட்டு வந்தவரின் சீரம் பால் கலந்த நீர் போல வெளுத்துக் கலங்கியிருக்கும். கொலஸ்ட்ரால் 300 இருப்பவரின் சீரமோ தெளிந்த வைக்கோல் மஞ்சளாக, எந்த அடையாளமும் காட்டாமல் நிற்கும். மொத்தக் கொலஸ்ட்ராலும் எச்டிஎல்லும் ஒருவேளைச் சாப்பாட்டால் அதிகம் மாறுவதில்லை. ஆகவே முக்கிய முடிவு ஆட்டம் காணாது.

இதோடு ஒட்டிய இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். பிசிபி என்ற பழைய தொழிற்சாலை ரசாயனம், டிடிடி என்ற பூச்சிக்கொல்லி போன்றவை கொழுப்பில் கரைபவை. ரத்தத்தில் கொழுப்பு கூடினால் அவையும் கூடத் தெரியும், ஏனெனில் கொழுப்பே அவற்றின் வண்டி. அலபாமா மாநிலத்தின் அனிஸ்டன் ஊரில் பிசிபி ஆய்வு செய்தவர்கள் இதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பிஎஃப்ஓஏ அப்படியல்ல; அது ரத்தத்தில் ஆல்புமின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. அந்தப் பொறி இங்கே பெரும்பாலும் இல்லை.

கோமதி_மதுரை

தெளிவாக எழுதியதற்கு நன்றி. தோசைக்கல் பயம் போய்விட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இந்தச் சி8 போய்விடுமா? வீட்டில் ஆர்ஓ இருக்கிறது.

ஒஹாயோ_வாசகி

கொதிக்க வைத்தால் போகாது, அக்கா. நீர் ஆவியாகி இது மிச்சமிருக்கும், செறிவு கூடவே செய்யும். ஆர்ஓ பெரும்பகுதியைப் பிடித்துவிடும். கழிவுக் குழாயில் போகும் நீரில் அது இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 ஏப்ரலில் குடிநீருக்கு வகுத்த வரம்பு, பிஎஃப்ஓஏவுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம். அவ்வளவு நுணுக்கமாக அளக்க எல்லா ஆய்வுக்கூடங்களிலும் கருவி கிடையாது.

தாமரைக்குளம்

ஏற்கெனவே ரத்தத்தில் ஏறிவிட்டவர்களுக்கு வழி என்ன?

மருத்துவர்_தென்றல்

காலம்தான் முக்கிய மருந்து. பெண் எலி சில மணி நேரத்தில் சிறுநீரில் கழித்துவிடும் பொருளை மனிதச் சிறுநீரகம் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு பாதியாக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

டென்மார்க்கில் கோர்சோர் என்ற ஊரில், தீயணைப்புப் பயிற்சித் திடலை ஒட்டி மேய்ந்த மாட்டின் இறைச்சியைச் சாப்பிட்டவர்களுக்கு பிஎஃப்ஓஎஸ் என்ற உறவுப்பொருள் ஏறியிருந்தது. கொலஸ்டிரமின் என்ற பழைய கொழுப்பு மருந்தை 12 வாரம் கொடுத்ததில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த மருந்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. கூடவே இதையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் வயிற்று உபாதை, மற்ற மருந்துகளை உறிஞ்சவிடாமை என்று தொல்லைகள் உண்டு. யாரும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2022 வழிகாட்டுதல் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தக் குடும்பத்துப் பொருள்களின் கூட்டளவு ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமைத் தாண்டினால் கொழுப்புச் சோதனைக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. 20-ஐத் தாண்டினால் இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும்.

எண்கணக்கன்

இரண்டு வயதுக் குழந்தைக்குக் கொழுப்புச் சோதனையா? குழந்தைகளிடம் ஏதாவது தெரிந்ததா?

சோதனைக்குழாய்

தெரிந்தது. அந்த ஒஹாயோ ஆற்றங்கரையிலேயே 18 வயதுக்குக் குறைந்த 12,476 பேரின் முடிவுகள் 2010-இல் வந்தன. பிஎஃப்ஓஏ குறைந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கும் அதிகமான ஐந்தில் ஒரு பங்கினருக்கும் இடையே மொத்தக் கொலஸ்ட்ராலில் 4.6 மில்லிகிராம், எல்டிஎல்லில் 3.8 மில்லிகிராம் வித்தியாசம். இவர்கள் சிகரெட் பிடித்தவர்கள் அல்லர், குடித்தவர்கள் அல்லர், நாற்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் அல்லர். நீங்கள் முதல் பதிவில் சொன்ன மறைந்திருக்கும் காரணங்களில் பாதி இங்கே செல்லாது. மீதிப் பாதியில் எதை முதலில் சரிபார்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

எண்கணக்கன்

உடல் எடையும் குடும்ப வருமானமும். அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று அந்தக் கட்டுரையின் அட்டவணைகளைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன், ஐயா.